சீனர் அடுக்களையில் மருந்து

பழஞ்சீனத்தில் அரசனுடைய அலுவலகங்கள் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை வகுத்துரைக்கும் ‘சௌ லி’ என்னும் நூல் ஒன்று உண்டு. சௌ மரபினரின் ஆட்சியமைப்பைக் கூறுவதாக அது தன்னைக் காட்டிக்கொள்ளும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டித் தொகுக்கப்பட்டிருக்கலாம் என்பர் ஆய்வாளர் பலர். அந்நூல் நடந்ததைச் சொல்கிறதா, நடக்க வேண்டியதைச் சொல்கிறதா என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அலுவலக மேசையில் வாழ்நாளைக் கழிக்கும் என்போன்ற எழுத்தர்க்கோ அது ஒரு விருந்து. எத்துறைக்கு எத்தனை அலுவலர், அவர்தம் படிநிலை யாது, கீழ்ப்பணியாளர் எத்துணையர் என்று பணியிடப் பட்டியல் போலவே அது நடக்கிறது. மருத்துவத் துறையில் தலைமை மருத்துவர்க்கு அடுத்தபடியாக நால்வகை மருத்துவர் கூறப்படுகின்றனர். உணவு மருத்துவர் இருவர். நோய் மருத்துவர் எண்மர். புண் மருத்துவர் எண்மர். கால்நடை மருத்துவர் நால்வர். எண்ணிக்கையில் மிகக் குறைந்த உணவு மருத்துவரே வரிசையில் முதலிடம் பெறுகின்றனர் என்பது நோக்கத்தக்கது. நோய் வந்தபின் வருபவரைக் காட்டிலும், வருமுன் அரசனது தட்டைப் பார்ப்பவரை முன்வைத்தது அந்நூல்.

அவ்விருவர்க்கும் உரிய கடமை தெளிவாகவே குறிக்கப்பட்டுள்ளது. சோறு முதலியன வேனிலின் தொடக்கம்போல இளஞ்சூடாகவும், சாறு வகை கோடைபோலச் சூடாகவும், தொடுகறிக் குழம்புகள் இலையுதிர் காலம்போலத் தணிந்தும், பருகுவன பனிக்காலம்போலக் குளிர்ந்தும் இருத்தல் வேண்டும். பருவத்துக்கேற்பப் புளிப்பு, கசப்பு, கார்ப்பு, உவர்ப்பு ஆகிய சுவைகளைக் கூட்டிக் கொடுத்தல் வேண்டும். இன்னொரு செய்தியும் உண்டு. ஆண்டின் முடிவில் மருத்துவர்தம் பணி மதிப்பிடப்பட்டு, அதற்கேற்பவே ஊதியம் அமையும். பத்துக்குப் பத்தும் சரியாகக் கண்டவர் முதல்நிலை. ஒன்று தவறியவர் அடுத்த நிலை. நான்கு தவறியவர் கடைநிலை. நம் அலுவலகங்களில் ஆண்டறிக்கை எழுதுவோர் இவ்வளவு வெளிப்படையான அளவுகோலைக் கையாள்வாராயின் பலர்க்கு உறக்கம் கெடும்.

சீனரின் உணவுமருந்து மரபைப் பற்றி இக்காலத்தில் நிறையப் பேசப்படுகிறது. தலைநகரின் பெருங்கடைகளில் சீன இலந்தையும், சிவந்த கோஜிப் பழமும், ‘சூப்புக்குரிய மூலிகை’ என்னும் பொட்டலங்களும் வந்துவிட்டன. ஐயாயிரம் ஆண்டாகச் சீனர் உண்டு வருவது, ஆகவே தீங்கற்றது என்று உறையில் அச்சிட்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். சுக்கையும் மிளகையும் திப்பிலியையும் அஞ்சறைப் பெட்டியில் வைத்து வளர்ந்த நமக்கு இவ்வாசகம் இனிக்கத்தான் செய்யும். ஆனால் வரலாறு அவ்வளவு எளிதாக அதற்கு ஒப்பம் இடுவதில்லை. எது உணவு, எது மருந்து, இரண்டுக்கும் இடையே கோடு எங்கே என்னும் கேள்வி சீனத்திலேயே ஈராயிரம் ஆண்டு நடந்த வழக்கு. அவ்வழக்கைச் சிறிது பார்ப்போம்.

கல்லறை தரும் சான்று

ஏட்டுச் சான்றைவிட மண் தரும் சான்று வலியது. ஹூனான் மாநிலத்துச் சாங்ஷா நகரருகே மாவாங்துவெய் என்னுமிடத்தில் 1972 முதல் 1974 வரை மூன்று கல்லறைகள் அகழப்பெற்றன. முதற்கல்லறையில் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் இறந்த பெருமாட்டி ஒருத்தியின் உடல் அழியாமல் கிடைத்தது. அவள் வயிற்றில் 130க்கு மேற்பட்ட முலாம்பழ விதைகள் இருந்தன. உடன் வைத்த பைகளில் இலவங்கப்பட்டை, இஞ்சி, சிற்றரத்தை இனம், சீனத்துக் காரமிளகு முதலிய மணப்பொருள்கள் இருந்தன. கி.மு. 168இல் மூடப்பெற்ற மூன்றாங்கல்லறை பட்டுச் சுவடிகளைத் தந்தது. ஐம்பத்திரண்டு நோய்களுக்கான மருத்துவ முறைகளைக் கூறும் சுவடியும், உடல்நலம் பேணல் பற்றிய சுவடிகளும் அவற்றுள் அடங்கும். அரிசி, இறைச்சி, கள், தேன் எல்லாம் அவற்றில் மருந்துப் பொருள்களாகவே வருகின்றன. அடுக்களைக்கும் மருந்தகத்துக்கும் இடையே அக்காலத்தில் சுவர் எழும்பவில்லை.

சுவர் எழுப்ப முயன்ற முதற்பெருநூல், வேளாண் தெய்வமாகிய ஷென்நோங் பெயரால் வழங்கும் மருந்துப்பொருள் நூலாகும். கி.பி. முதல், இரண்டாம் நூற்றாண்டுகளை ஒட்டி அது உருப்பெற்றிருத்தல் வேண்டும். ஆண்டின் நாள்களுக்கு ஒப்ப 365 பொருள்களை எடுத்துக்கொண்டு மூன்று தரமாகப் பிரித்தது. மேல்தரம் 120, நஞ்சற்றவை, நெடுநாள் உண்ணலாம், வாழ்நாளை நீட்டும். நடுத்தரம் 120, ஆய்ந்து கொள்க. கீழ்த்தரம் 125, நஞ்சுடையவை, நோய் தீர்ந்ததும் நிறுத்துக. இப்பாகுபாடு அறிவுக்கு உகந்ததே. ஜின்செங், அதிமதுரம், இலந்தை, வள்ளிக்கிழங்கு, தாமரை விதை முதலியன மேல்தரத்தில் வருகின்றன. ஆயினும் அம்மேல்தரத்தின் முதற்பொருளாக நிற்பது எது? சாதிலிங்கம். பாதரசமும் கந்தகமும் சேர்ந்த செந்நிறக் கல். வாழ்நாளை நீட்டும் என்று அந்நூல் சொன்ன பொருள்களை நம்பி இரசக் கலவைகளை உண்டு மாண்ட தாங் மரபுப் பேரரசர் ஒருவர் இருவர் அல்லர். 846இல் இறந்த வூசுங் அவருள் ஒருவர். பழைய நூல் சொன்னது என்பது மட்டுமே ஒரு பொருளுக்கு நற்சான்று ஆகாது என்பதற்கு இதனினும் வலிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அதே காலத்தை ஒட்டியவர் சாங் சோங்ஜிங் என்னும் மருத்துவர். காய்ச்சல் நோய்களைப் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் சீன மருத்துவக் கல்லூரிகளில் பாடம். இலவங்கக் கொம்பு, பியோனி வேர், அதிமதுரம், இஞ்சி, இலந்தை ஆகிய ஐந்தைக் கொண்டு அவர் வகுத்த கியாழம் புகழ் பெற்றது. அக்கியாழத்தைப் பருகியபின் சற்று நேரத்தில் சூடான நீர்த்த கஞ்சியைக் குடித்துப் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும் என்பது அவர் விதி. ஐந்து பொருள்களில் இஞ்சியும் இலந்தையும் இலவங்கமும் அடுக்களையில் உள்ளவை; துணைக்கு வருவதும் கஞ்சி. மற்றொரு முறை இன்னும் வெளிப்படையானது. தாங்குவெய் என்னும் வேர் 3 பங்கு, பச்சை இஞ்சி 5 பங்கு, ஆட்டிறைச்சி 16 பங்கு. இவற்றை ஒன்றாக வேகவைத்துச் சாறெடுத்தல். மகப்பேற்றுக்குப் பின் வரும் வயிற்றுவலிக்கும், குளிரால் வரும் வலிக்கும் அவர் இதைச் சொன்னார். பதினெட்டு நூற்றாண்டு கழிந்த பின்னும் பனிக்காலத்தில் சீன வீடுகளில் இதே சாறு கொதிக்கிறது. சமைப்பவர் பலர்க்கு அது சாங் சோங்ஜிங் தந்தது என்பதே தெரியாது. ஒரு மருத்துவனுக்கு இதற்கு மேல் என்ன புகழ் வேண்டும்?

ஒரு வண்டித் தானியம்

உணவுமருந்து ஒரு குடும்பத்தையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுசென்ற வரலாறு ஒன்றும் உண்டு. ஹான் பேரரசின் படைத்தலைவர் மா யுவான், கி.பி. 42, 43ஆம் ஆண்டுகளில் தெற்கே இன்றைய வியட்நாமின் வடபகுதியில் துருங் சகோதரியர் தலைமையில் எழுந்த கிளர்ச்சியை அடக்கச் சென்றார். அந்நிலத்தின் வெப்பமும் ஈரமும் வடவரைக் கொன்றன. அங்கு விளையும் ஒருவகைப் புல்லரிசியை மா யுவான் நாள்தோறும் உண்டார். உடல் இலேசாகும், நச்சுக்காற்றைத் தாங்கும் என்பது நம்பிக்கை. வெண்மையாகவும் உருண்டையாகவும் மணிபோலிருக்கும் அத்தானியத்தை இன்றும் சீனர் கஞ்சியில் இடுகின்றனர். தெற்கத்திய வகை பெரிதாயிருந்தமையால் விதைக்காகத் திரும்பும்போது ஒரு வண்டி நிறைய ஏற்றி வந்தார். தென்னாட்டு அரும்பொருள் என்று தலைநகரத்துப் பெரியோர் கண்வைத்தனர். அவர் செல்வாக்கோடு இருந்தவரை எவரும் வாய் திறக்கவில்லை.

கி.பி. 49இல் போர்க்களத்தில் நோயுற்று அவர் இறந்ததும் முறையீடு பறந்தது. அன்று வண்டியில் வந்தவை தானியமல்ல, முத்தும் காண்டாமிருகக் கொம்புமாம். பேரரசர் வெகுண்டார். குலத்து இடுகாட்டில் உடலைப் புதைக்கவும் குடும்பத்தார் அஞ்சினர். நகர்ப்புறத்தே சிறு நிலம் வாங்கி ஏனோதானோவென்று அடக்கம் செய்தனர். மனைவியும் மக்களும் உறவினரும் புல்லாலான கயிற்றால் தம்மைப் பிணித்துக்கொண்டு அரண்மனை வாயிலில் நின்றனர். ஆறு முறை விண்ணப்பம் எழுதிய பிறகே முறையான அடக்கத்துக்கு இசைவு கிடைத்தது. வீண்பழியைக் குறிக்கச் ‘புல்லரிசியும் முத்தும்’ என்னும் பொருள்படும் தொடர் சீன மொழியில் இன்றும் வழங்குகிறது. வண்டியில் வந்த சரக்குக்கு ஒரு பட்டியல் எழுதிப் பொறுப்பான அலுவலரிடம் ஒப்பம் வாங்கி வைத்திருந்தால் இத்துயர் நேர்ந்திராது என்று என் தொழிற்புத்தி சொல்கிறது.

படையும் மருந்தும்

தாங் காலத்தில்தான் உணவு மருத்துவம் தனித்துறையாக நிமிர்ந்து நின்றது. 682இல் மறைந்த சுன் ஸிமியாவ், ஏழாம் நூற்றாண்டின் இடைக்காலத்தில் தொகுத்த பெருநூலில் உணவுச் சிகிச்சைக்கென்றே ஓர் இயலை ஒதுக்கினார். பழம், காய், தானியம், விலங்குணவு என்று வகுத்து ஒவ்வொன்றின் குணத்தையும் கூறினார். அவர் கோட்பாடு திட்டமானது. மருத்துவன் முதலில் நோயின் மூலத்தை அறிதல் வேண்டும். அறிந்தபின் உணவால் தீர்க்க முயல வேண்டும். உணவால் ஆகாதபோதே மருந்தைத் தொட வேண்டும். மருந்தின் இயல்பு கடுமையானது, படையை ஏவுவதைப் போன்றது. ஏவிய படை பகைவனை மட்டுமே அழிக்கும் என்பதற்கு உறுதியில்லை என்பது அவர் கருத்து. மாலைக்கண்ணுக்கு விலங்குகளின் ஈரலையும், கழுத்துக்கழலைக்குக் கடற்பாசியையும் அவர் காலத்து மருத்துவர் கொடுத்தனர். முன்னதில் வைட்டமின் ஏ இருப்பதும் பின்னதில் அயோடின் இருப்பதும் ஆயிரத்திருநூறு ஆண்டுக்குப் பின்னரே தெரியவந்தன. காரணம் தெரியாமலே காரியம் சரியாக அமைந்த இடங்கள் இவை. காரணமும் தெரியாமல் காரியமும் பிழைத்த இடத்தைச் சாதிலிங்கத்தில் கண்டோம். இரண்டையும் ஒரே மரபு தந்தது.

சுன் ஸிமியாவின் மாணவராகிய மெங் ஷென் அரசப் பணியிலும் இருந்தவர். உணவையே மருந்தாகக் கொண்டு அவர் செய்த நூலின் மூலம் அழிந்தது. பிற நூல்களில் எடுத்தாளப்பட்ட பகுதிகளே எஞ்சின. 1907இல் ஆரல் ஸ்டைன் துன்ஹுவாங் குகைச் சுவடிகளை எடுத்துச் சென்றபோது அவற்றுள் இந்நூலின் ஒரு துண்டும் இருந்தது. 26 பொருள்களைக் கூறும் அத்துண்டு இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது.

நாளந்தாவிலிருந்து ஒரு குறிப்பு

இதே நூற்றாண்டில்தான் நம் நாட்டுக்குத் தொடர்பு வருகிறது. பௌத்தத் துறவி இத்சிங் 671இல் கடல்வழிப் புறப்பட்டு நாளந்தாவில் ஏறத்தாழப் பத்தாண்டு தங்கினார். 691இல் எழுதிய நூலில் இந்திய மருத்துவத்தையும் சீன மருத்துவத்தையும் ஒப்பிடுகிறார். ஜின்செங், ஃபூலிங் என்னும் வேர்க்காளான், தாங்குவெய் போன்ற சீனத்து உயர் மருந்துகள் இங்குக் கிடைக்கவில்லை என்கிறார். இங்கோ கடுக்காய் மிகுதி. வடபுலத்தில் குங்குமப்பூ, மேற்கே பெருங்காயம். கடுக்காய்த்தோல், சுக்கு, சர்க்கரை மூன்றையும் சம எடையாகச் சேர்த்துருட்டும் மாத்திரையைப் புகழ்ந்து, எளிதில் கிடைப்பது, பல நோய்க்கும் ஆவது என்று எழுதுகிறார். இந்தியர் நோயுற்றால் முதலில் பட்டினி கிடப்பர் என்பது அவரை மிகவும் கவர்ந்த செய்தி. அவர் பொழிப்பைப் படிக்கையில் நம் திருக்குறளின் மருந்து அதிகாரம் நினைவுக்கு வருகிறது. அவ்வதிகாரத்தில் மூலிகை ஒன்றின் பெயரேனும் இல்லை; உண்டது செரித்ததை அறிந்து உண்பதைப் பற்றியே பெரிதும் பேசுகிறது. சீனர் எதைச் சேர்த்து உண்பது என்று கேட்டபோது, நம்மவர் எப்போது உண்ணாதிருப்பது என்று கேட்டனர்போலும்.

659இல் தாங் அரசு தன் ஆணையால் ஒரு மருந்துப்பொருள் நூலைத் தொகுப்பித்தது. மாவட்டந்தோறும் ஓலை விடுத்துப் பொருள்களையும் வரைபடங்களையும் வரவழைத்துச் செய்த அரசு வெளியீடு அது. நம் மிளகு அதில்தான் முதன்முதலாக மருந்துப்பொருளாகப் பதிவாகிறது. நம் திப்பிலியைச் சீனர் ‘பீபோ’ என்றனர். ‘பிப்பலி’ என்னும் வடசொல்லின் சிதைவு அது. ஒன்பதாம் நூற்றாண்டுச் சீன எழுத்தாளர் ஒருவர் மிளகு மகத நாட்டில் விளைவதாக எழுதிவைத்தார். மேற்குமலைச் சாரலின் மழைக்காட்டுக் கொடியைப் பாடலிபுத்திரத்துக் கணக்கில் ஏற்றியது நமக்குச் சிரிப்பை வரவழைக்கலாம். பௌத்தர் வழியாகக் கேட்ட பெயர் அவர்க்கு மகதம் ஒன்றே. மிளகின் விலை எத்தகையது என்பதற்கு வேறொரு சான்று. யுவான் சாய் என்னும் அமைச்சர் ஊழலுக்காக 777இல் கொல்லப்பட்டபோது பறிமுதலான அவர் உடைமைகளில் 800 ஷி மிளகு இருந்தது. ஷி என்பது அறுபது லிட்டர் அளவுள்ள முகத்தல் அளவை. பொன்னைப் பதுக்குவார் உண்டு. மிளகைப் பதுக்கி வரலாற்றில் இடம்பெற்றவர் அவர். பின்னர்ச் சோழர் 1015, 1033, 1077ஆம் ஆண்டுகளில் சீனத்துக்குத் தூது விடுத்ததும், சுவான்ஜௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்ததும் இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் அறிந்தவை, விரிக்க வேண்டா.

சோங் காலத்தில் முதியோர்க்கென்றே ஓர் உணவுமருந்து நூல் பிறந்தது. 1085ஐ ஒட்டி அதை எழுதிய சென் ஜி ஒரு வட்டத்தின் ஆட்சியர். முதியோர் மருந்தை வெறுப்பர், உணவை விரும்புவர். ஆகவே உணவின் வழியே மருத்துவம் செய்க என்பது அவர் வாதம். வீட்டில் முதியோரை வைத்திருக்கும் எவரும் இதை மறுக்கமாட்டார். வள்ளிக்கிழங்கின் பெயர் இருமுறை மாறிய வேடிக்கையும் இக்காலத்தில் நிறைவுற்றது. அதன் பழம்பெயர் ‘ஷூயு’. 762இல் அரியணை ஏறிய தாங் பேரரசர் தைசுங்கின் இயற்பெயர் ‘யு’ என்று ஒலித்தமையால் பெயரின் பின்பாதி நீங்கியது. 1063இல் வந்த சோங் பேரரசர் யிங்சுங்கின் இயற்பெயர் ‘ஷு’. எனவே முன்பாதியும் போயிற்று. எஞ்சியது ‘மலை மருந்து’ எனப் பொருள்படும் ‘ஷான்யாவ்’. இவ்வாறு ஒரு கிழங்கு, அரசர் இருவர் பெயருக்கு அஞ்சி, மருந்து என்னும் பட்டத்தைத் தாங்கியது. உண்ணும் கிழங்கா, மருந்தா என்பதைப் பெயரை வைத்து முடிவு செய்வோர் இதனைக் கருதுக.

மங்கோலியர் அரண்மனையில் ஓர் இந்தியக் குழம்பு

இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் உவப்பான நூல் 1330இல் வந்தது. மங்கோலியர் ஆண்ட யுவான் காலத்தில் அரண்மனை உணவு மருத்துவராய் இருந்த ஹூ ஸிஹுயி, மூன்று பகுதிகளாக ஒரு நூல் செய்து பேரரசர்க்குப் படைத்தார். சீன மருத்துவக் கொள்கை, மங்கோலியர் விரும்பும் ஆட்டிறைச்சி, மேற்காசிய மணப்பொருள்கள் எல்லாம் அதில் ஒரே பானையில் வேகின்றன. கொண்டைக்கடலை, குங்குமப்பூ, பெருங்காயம், வெந்தயம் எல்லாம் வருகின்றன. பெயர்களும் பாரசீகம், துருக்கி மொழிகளின் சாயலில் சீன எழுத்தில் தடுமாறி நிற்கின்றன. ‘பல்பு’ என்பதுபோல் ஒலிக்கும் ஒரு சாற்றை ‘மேற்குத் தெய்வநாட்டு உணவு’ என்று அவர் குறிக்கிறார். அத்தொடர் சீனர் வழக்கில் இந்தியாவைக் குறிக்கும். அதன் செய்முறையைக் கேளுங்கள். ஆட்டுக்கால் ஒன்று, பெரிய ஏலம் ஐந்து, இடித்துத் தோல் நீக்கிய கொண்டைக்கடலை. இவற்றை வேகவைத்து வடித்த சாற்றில் முள்ளங்கி. பின்பு குங்குமப்பூ, மஞ்சள், மிளகு, பெருங்காயம், கொத்தமல்லித் தழை, உப்பு. மணமுள்ள அரிசிச்சோற்றோடு சிறிது புளிக்காடி சேர்த்து உண்ணுக. வயிற்றுக்கு வலுவூட்டும், வாயுவை இறக்கும், நெஞ்சடைப்பை நீக்கும் என்பது பயன்.

ஆட்டிறைச்சியை நீக்கிவிட்டு நோக்கினால் முள்ளங்கிக் குழம்பின் வாடை வருகிறதே என்று நம் இல்லத்தரசியர் கூறுவர். துவரையும் புளியும் இல்லாத ஒன்றைச் சாம்பார் என்று உரிமை கொண்டாடத் துணிதல் தகாது. காஷ்மீரம் வழியாகவோ பாரசீகம் வழியாகவோ சென்ற குழம்பாக இருக்கலாம். ஆனால் மஞ்சளும் மிளகும் பெருங்காயமும் ஒன்றுகூடினால் வாயு இறங்கும் என்னும் அறிவை ஒரு சீன மருத்துவர் இந்தியப் பெயரிட்டுப் பதிந்துவைத்தார் என்பது மட்டும் உறுதி. சீன உணவுமருந்து என்று இன்று பேசப்படுவது நாற்புறத்தாரும் கொண்டுவந்து சேர்த்த சரக்கு. பழமை என்றும் தூய்மை என்றும் பேசுவோர் ஹூ ஸிஹுயியின் பானையை ஒருமுறை திறந்து பார்த்தல் நன்று.

மிங் காலத்து லி ஷிசென் பற்றி ஒரு நூலே எழுதலாம். இங்கு ஒரு சொல். 27 ஆண்டு உழைத்து 1892 பொருள்களை 52 பகுதிகளில் தொகுத்தார். 1593இல் இறந்தார், அச்சேறிய நூல் 1596இல் நான்ஜிங்கில் வெளிவந்தது. முன்னோர் கூறிய பிழைகளைத் திருத்துவதையே அவர் தலையாய கடனாகக் கொண்டார் என்பதை நினைவிற் கொள்ளுதல் போதும்.

கடைத்தெருவில் ஒளிந்திருக்கும் சீனம்

இனி நம் கடைத்தெருவுக்கு வருவோம். தில்லி மளிகைக் கடையில் இலவங்கப்பட்டையைத் ‘தால்சீனி’ என்று கேட்கிறோம். ‘தார்ச்சீனி’ என்னும் பாரசீகச் சொல்லே அது. சீன மரம் என்பது பொருள். யூனானி மருந்துக் கடையில் ‘சோப்சீனி’ என்றொரு கிழங்கு உண்டு. இதற்கும் சீனக் கட்டை என்பதே பொருள். இதே கிழங்கை நம் சித்த மருத்துவர் பறங்கிப்பட்டை என்பர். 1535ஐ ஒட்டிக் கோவாவுக்குச் சீனத்திலிருந்து வந்த இவ்வேரைப் போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்ட்டா 1563இல் கோவாவில் அச்சிட்ட தம் நூலில் விளக்குகிறார். ஐரோப்பாவில் பேரரசர் ஐந்தாம் சார்லசு கீல்வாதத்துக்கு இதை உட்கொண்டார். உடற்கூற்றறிஞர் வெசாலியசு 1546இல் இதைப் பற்றி ஒரு மடலே வெளியிட்டார். பாரசீகரும் வடவரும் பொருள் பிறந்த நாட்டைப் பெயரில் வைத்தனர். நாமோ கப்பலில் கொண்டுவந்த பறங்கியின் பெயரை வைத்தோம்.

இன்னொரு பொருள், வடநாட்டார் நோன்புக்கு வறுத்துண்ணும் மக்கானா. பீகாரின் குளங்களில் விளைவது. அதன் விதையைச் சீனர் ‘சியான்ஷி’ என்பர். தாமரை விதை, வள்ளிக்கிழங்கு, ஃபூலிங், சியான்ஷி நான்கும் சேர்ந்தது தைவானில் பெயர்பெற்ற நாற்பொருட் சாறு. செரிமானம் குன்றிய குழந்தைக்கும் முதியோர்க்கும் உரியது என்பர். நான்கில் மூன்றை இத்தலைநகரிலேயே வாங்கலாம்.

இம்மரபு புத்தகத்தால் மட்டும் பரவியதன்று. புலம்பெயர்ந்தோர் மூட்டையில் பரவியது. மலேயாவின் கிள்ளான் துறைமுகத்துச் சீன உழைப்பாளரோடு வளர்ந்த ‘பக் குத் தே’ என்னும் மூலிகை இறைச்சிச் சாற்றை மலேசிய அரசு 2024இல் தேசிய மரபுணவாக அறிவித்தது. நம் நாட்டில் கொல்கத்தாவின் சீனர் குடியிருப்பு பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. தோல் பதனிடும் ஹக்காவினர், தச்சுவேலை செய்யும் காண்டனியர், பல் மருத்துவம் செய்யும் ஹூபெய் மக்கள் என்று தொழில்வாரியாக அமைந்து வாழ்ந்தனர். 1962ஆம் ஆண்டுப் போரையொட்டி ஏறத்தாழ மூவாயிரம் பேர் இராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைத்துவைக்கப்பட்டனர். சிலர் 1967 வரை அங்கிருந்தனர். விடுபட்டோர் பலர் கனடா முதலிய நாடுகளுக்குப் பெயர்ந்தனர்.

பணி மாற்றத்தில் நான் சில ஆண்டு கொல்கத்தாவில் இருந்தேன். எங்கள் இரண்டாம் மகவு பிறந்தபோது திருநெல்வேலியிலிருந்து வரவேண்டிய பேற்று இலேகியம் வழியில் தங்கிவிட்டது. அண்டையில் வாழ்ந்த சீன மூதாட்டியார், வங்காளமும் இந்தியும் கலந்த மொழியில் என் மனைவியின் நலம் கேட்டுவிட்டு, இஞ்சியும் சீன இலந்தையும் வெல்லமும் கொதித்த கியாழத்தை ஒரு குவளையில் கொண்டுவந்தார். பிள்ளை பெற்றவள் ஒரு திங்கள் காற்றுப்படாமல், குளிர்ந்ததை உண்ணாமல் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதைக் கேட்டு, “இது எங்கள் ஆச்சி பேச்சாகவே இருக்கிறதே!” என்றாள் என் மனைவி. முன்பு டிரெட்டா பஜாரில் வாங்கிய சரக்கு இப்போது கிடைப்பதில்லை என்றும், டொராண்டோவில் குடியேறிய மகள் பொட்டலம் கட்டி அனுப்புகிறாள் என்றும் அவர் கூறினார். எந்தப் பொருளை எவ்வளவு இடுவது என்பது மகளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவள் பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துக்கொள்வாள் என்றார் அவர்.

அவ்விடத்தில்தான் அச்சம் தொடங்குகிறது. பாட்டியின் கை அளந்ததைப் பொட்டலத்தின் அச்சு அளக்க முடியுமா? பெல்ஜியத்தில் உடல் இளைப்பதற்காகச் சீன மூலிகை மாத்திரை உண்ட பெண்டிர்க்குச் சிறுநீரகம் கெட்டதை மருத்துவர் 1993இல் வெளியிட்டனர். பாதிக்கப்பட்டோர் தொகை பின்னர் நூற்றைத் தாண்டியது. ‘ஃபாங்ஜி’ என்னும் பெயர் ஒற்றுமையால் ஒரு வேருக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனத்து வேர் கலந்தமையே காரணம். நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே என்பதை நம்மவர் குறித்துக்கொள்ள வேண்டும். அடுக்களைப் பொருள்களுக்கும் எல்லை உண்டு. அதிமதுரத்தை மிகுதியாக நாள்தோறும் உண்டால் குருதியழுத்தம் ஏறும். குருதி உறையாதிருக்க மருந்து உண்பவர் தாங்குவெய்ச் சாற்றை மருத்துவரைக் கேளாமல் பருகலாகாது.

சீன அரசு இக்கோட்டை வரைய முனைந்தது 1987இல். உணவாகவும் மருந்தாகவும் கொள்ளத்தக்க பொருள்களின் முதற்பட்டியல் அவ்வாண்டு வந்தது. ‘மருந்தும் உணவும் ஒரே ஊற்று’ என்று இன்று எங்கும் ஒலிக்கும் தொடர்கூட இந்த உருவில் இருபதாம் நூற்றாண்டினதே. 2002ஆம் ஆண்டுப் பட்டியலில் 87 பொருள்கள்; இஞ்சி, இலந்தை, தாமரை விதை, வள்ளிக்கிழங்கு, மா யுவானின் புல்லரிசி எல்லாம் உண்டு; சாதிலிங்கம் இல்லை. 2023இல் ஒன்பது பொருள்களும், 2024இல் நான்கும் சேர்ந்து தொகை 106 ஆயிற்று. இடையே 2019ஆம் ஆண்டு அறிவிக்கையில் சேர்ந்தவை ஆறு: தாங்குவெய், கச்சோலம், குங்குமப்பூ, பெரிய ஏலம், மஞ்சள், திப்பிலி. சுவைக்கும் மணத்துக்கும் சேர்க்கும் பொருளாக மட்டுமே இவ்வாறையும் உணவிற் பயன்படுத்தலாம் என்று அவ்வறிவிக்கை வரையறுத்துள்ளது.